சொந்த இணையத்தளம் செய்ய 800 வெள்ளி கேட்கிறார்கள், நானே செய்ய முடியுமா?

லயத்துவீட்டுப்பெண் | வெள்ளி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் பாலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா படிக்கிறேன், நான்காம் பருவம். வீடு பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். முன்பு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) இருந்தோம், இப்போது பட்டணத்துக்கு வெளியே ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம்.

அடுத்த பருவம் எல்.ஐ., அதாவது நிறுவனத்தில் தொழிற்பயிற்சி, போக வேண்டும். விண்ணப்பத்தோடு சொந்த இணையத்தள முகவரி ஒன்றையும் அனுப்புங்கள், நீங்கள் செய்த வேலையை நிறுவனத்தார் பார்க்கட்டும் என்று விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார். பட்டணத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். செய்து தர 800 வெள்ளி, அப்புறம் வருடா வருடம் 250 என்றார்கள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவரிடம் போய் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கையில் இருப்பது அண்ணன் விட்டுப்போன மடிக்கணினி. 4 ஜிபி ரேம். பேட்டரி செத்துவிட்டது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். இணையத்துக்குக் கைப்பேசி டாட்டாதான். மழை வந்தால் அதுவும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

நானே செய்ய முடியுமா? செய்தால் அதில் என்ன போடுவது? சொல்லிக்கொள்கிற மாதிரி நான் எதுவும் செய்ததில்லை. இன்னொன்று, தமிழில் எழுதலாமா, இல்லை ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்க வேண்டுமா?

கிந்தா நதி | வெள்ளி, இரவு 10.25

தங்கச்சி, முதலில் அந்தக் கடையில் முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள்.

நான் ஈப்போவில் இதே தொழிலில் இருப்பவன். கடைக்கோ கம்பெனிக்கோ தளம் கட்டுவதென்றால் அந்த விலை நியாயமாக இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது அது இல்லை. நீங்கள் பொருள் விற்கப் போவதில்லை, பணம் வாங்கப் போவதில்லை, கடவுச்சொல் போட்டு யாரும் உள்ளே வரப் போவதும் இல்லை. உங்களைப் பற்றி ஒரு பக்கம். அதற்கு ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு போதும்.

எச்டிஎம்எல் என்றதும் புரோகிராமிங் என்று பயப்பட வேண்டாம். நீங்கள் எழுதியதற்கு இது தலைப்பு, இது பத்தி, இது படம், இது இணைப்பு என்று குறி போடுவதுதான். பற்று எது, வரவு எது என்று பிரித்து எழுதத் தெரிந்தவருக்கு இது கடினமே இல்லை. பத்துப் பன்னிரண்டு குறிகள் தெரிந்தால் ஒரு பக்கம் எழுதி முடித்துவிடலாம்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1991 ஆகஸ்ட்டில் சேர்ன் ஆய்வகத்திலிருந்து உலகுக்குக் காட்டிய முதல் இணையப் பக்கத்தில் இருந்தவை இவைதான்: தலைப்பு, பத்தி, இணைப்பு. அந்தப் பக்கத்தை இன்றைக்கு உங்கள் கைப்பேசியில் திறந்தாலும் ஒழுங்காகத் திறக்கும். முப்பது வருடம் தாண்டிவிட்டது. எளிமையாக எழுதிய பக்கத்துக்கு அப்படி ஓர் ஆயுள் உண்டு. மாணவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

செய்முறை இதுதான். விண்டோஸோடு வருகிற நோட்பேடைத் திறந்து எழுதுங்கள். இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்ற பெயரில் சேமியுங்கள், எல்லாம் சின்ன எழுத்தில். அதை இரண்டு முறை தட்டினால் உலாவியில் திறக்கும். இது வரைக்கும் இணையமே தேவையில்லை, ஒரு சொட்டு டாட்டா போகாது. மழை நாளில்கூட உட்கார்ந்து செய்யலாம்.

பக்கம் உங்களுக்குப் பிடித்த பிறகு, கோப்புகளை இணையத்தில் வைத்துக்கொள்ள இடம் தரும் கிட்ஹப் தளத்தில் இலவசக் கணக்கு திறங்கள். உங்கள் பயனர் பெயருக்குப் பின்னால் டாட் கிட்ஹப் டாட் ஐஓ சேர்த்து, அதே பெயரில் ஒரு களஞ்சியம், அதாவது கோப்புகள் வைக்கும் இடம், உருவாக்குங்கள். இலவசக் கணக்கில் அது பொதுக் களஞ்சியமாக இருக்க வேண்டும். கோப்பை உலாவியிலேயே இழுத்துப் போட்டு ஏற்றலாம். கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் வேலை இப்போதைக்கு வேண்டாம். ஏற்றிப் பத்து நிமிடத்துக்குள் பக்கம் வந்துவிடும். தளம் 1 ஜிபி வரை இருக்கலாம், மாதம் 100 ஜிபி வரை ஆட்கள் பார்க்கலாம். உங்களுக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

பயனர் பெயரை மட்டும் யோசித்து வையுங்கள். அதுதான் உங்கள் முகவரியாக விண்ணப்பத்தில் நிற்கப் போகிறது.

ரப்பர் விதை | வெள்ளி, இரவு 11.02

அண்ணன் சொல்வது தப்பில்லை. ஆனால் அவர் தொழில் தெரிந்தவர், அவருக்கு எல்லாம் சுலபம். பருவத் தேர்வு, ஒப்படைப்பு என்று ஓடிக்கொண்டிருக்கும் கணக்கியல் மாணவி எதற்கு எச்டிஎம்எல் கற்க வேண்டும்? இழுத்துப் போட்டுக் கட்டுகிற இலவசத் தளங்கள் எத்தனையோ இருக்கின்றன. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து என் பக்கத்தை முடித்தேன். வண்ணம், படம், எழுத்து எல்லாம் தயாராக இருக்கிறது, உங்கள் பெயரை மாற்றினால் போதும். லிங்க்டுஇன் கணக்கு ஒன்று சேர்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. நேரமும் செலவுதானே.

கிந்தா நதி | சனி, காலை 7.50

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாளைக் காலை பேட்டி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இவருக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். தயார் வார்ப்புகள் கனமானவை. பெரிய படம், அசைகிற பொத்தான், எங்கிருந்தோ வருகிற எழுத்துரு என்று முதல் பக்கமே பல எம்பி ஆகிவிடும். அவர் வீட்டு இணைப்பில் அவருடைய பக்கத்தை அவரே திறக்கத் திண்டாடுவார். கையால் எழுதிய பக்கம் படம் இல்லாமல் 10 கேபிகூட வராது.

இரண்டாவது, அந்தக் கட்டும் தளத்திலிருந்து உங்கள் பக்கத்தைப் பெயர்த்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போவது பெரும்பாலும் முடியாத காரியம். நோட்பேடில் எழுதிய கோப்பை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். பென்டிரைவில் போட்டு அலமாரியில் வைத்தாலும் அது உங்களுடையது.

வாத்தியார் ஐயா | சனி, காலை 9.15

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கிந்தா நதி சொன்ன இரண்டாவது விஷயம் என் வாழ்க்கையில் நடந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கு நானும் ஒரு முன்னாள் மாணவனும் சேர்ந்து ஓர் இலவச சேவையில் பக்கம் கட்டினோம். விளையாட்டுப் போட்டிப் படங்கள், பிள்ளைகள் எழுதிய கவிதைகள், பழைய தலைமையாசிரியர்கள் பெயர்ப்பட்டியல் என்று ஏழெட்டுப் பக்கம் இருக்கும். அந்த நிறுவனம் ஒரு நாள் சேவையை நிறுத்திவிட்டது. முன்னறிவிப்பு வந்திருக்க வேண்டும், நான் அந்த மின்னஞ்சலைப் பார்க்கவில்லை. எங்களிடம் நகல் கிடையாது. பின்னாளில், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடியதில் மூன்று பக்கம் கிடைத்தது. எழுத்து மட்டும்தான், படம் ஒன்றுகூட இல்லை. அந்தப் படங்களில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

அம்மா, எதைச் செய்தாலும் ஒரு நகலை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பினாங்குப் பாலம் | சனி, பகல் 12.30

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். எல்.ஐ. விண்ணப்பங்களை முதலில் பார்ப்பது நானும் இன்னொருவரும். எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

விண்ணப்பம் குவிகிற மாதத்தில் ஒருவருடைய தளத்தில் நான் நிற்கும் நேரம் ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். பாதி நேரம் கைப்பேசியில்தான் திறப்பேன். பெயர், என்ன படிக்கிறார், எந்த மாதம் பயிற்சிக்கு வர முடியும், என்ன செய்து பார்த்திருக்கிறார், எப்படித் தொடர்புகொள்வது. இவ்வளவும் விரலால் இரண்டு முறை தள்ளுவதற்குள் தெரிந்துவிட வேண்டும். அசைகிற எழுத்தும் தானாகப் பாடுகிற இசையும் எனக்கு வேண்டாம். "கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்" என்ற வரியை எல்லாரும் எழுதுகிறார்கள். அதை வைத்து யாரையும் நான் தேர்ந்தெடுத்ததில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். நம் பிள்ளைகள் ரெசுமே முழுவதையும் அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அதில் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, அப்பா அம்மா பெயர், அவர்கள் சம்பளம் வரைக்கும் இருக்கிறது. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதில் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். மோசடிக்காரனுக்கு அந்த ஒரு வரி போதும். தளத்தில் மின்னஞ்சல் மட்டும் வையுங்கள், அதையும் இதற்கென்று புதிதாகத் திறந்த மின்னஞ்சலாக. மற்றதை நிறுவனம் கேட்கும்போது நேரில் கொடுக்கலாம்.

கிந்தா நதி | சனி, பகல் 12.48

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிட்ஹப் பழைய பதிப்புகளை எல்லாம் வைத்திருக்கும். தெரியாமல் அடையாள அட்டை எண்ணோடு ஒரு கோப்பை ஏற்றிவிட்டு மறுநாள் அழித்தாலும், பழைய பதிப்பைத் தேடிப் பார்ப்பவருக்கு அது தெரியும். களஞ்சியத்தையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் பாதுகாப்பு. கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருக்கலாம், அதையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

லயத்துவீட்டுப்பெண் | ஞாயிறு, இரவு 8.10

எல்லாருக்கும் நன்றி. நானே செய்து பார்ப்பது என்று முடிவு பண்ணிவிட்டேன். நேற்று ராத்திரி என் பெயரைத் தலைப்பாகப் போட்டு முதல் தடவை உலாவியில் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் தமிழில் எழுதிய பத்தி கெட்டுப்போய் வருகிறது. தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்துகளும், சின்னச் சின்னக் குறிகளும், நடுநடுவே பண மதிப்புக் குறி மாதிரியும் ஏதேதோ. தங்கை கணினியில் திறந்தால் அதே பத்தி வரிசையாகக் கேள்விக்குறியாக வருகிறது. தங்கைக்கு நான் பழைய நோட்பேடில் சேமித்துக் கொடுத்தேன். எழுத்துரு வாங்க வேண்டுமா?

கிந்தா நதி | ஞாயிறு, இரவு 8.55

எழுத்துரு எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டும் வேறு வேறு நோய். பொறுமையாக எழுதுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கும் உதவும்.

ரோமன் எழுத்துக் குப்பையாக வந்தால் கோப்பில் தமிழ் நலமாக இருக்கிறது, உலாவிதான் அதைத் தவறாகப் படிக்கிறது என்று பொருள். எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் இடம் எடுக்கும். இது யூடிஎஃப்-8 என்று உலாவியிடம் நீங்கள் சொல்லவில்லை. அதனால் மூன்று பைட்டையும் மூன்று தனி எழுத்தாக எண்ணிக் காட்டிவிட்டது. பக்கத்தின் ஹெட் பகுதியில் எல்லாவற்றுக்கும் மேலே மெட்டா சார்செட் வரியைப் போட்டு, அதில் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். சரியாகிவிடும்.

கேள்விக்குறியாக வந்தால் அது சேமிக்கும்போதே நடந்த இழப்பு. பழைய நோட்பேடு ஆன்சி முறையில் சேமிக்கும். அந்த முறையில் தமிழுக்கு இடமே இல்லை, ஒவ்வோர் எழுத்தையும் தூக்கி எறிந்துவிட்டு அங்கே கேள்விக்குறியை வைத்துவிடும். அந்தக் கோப்பிலிருந்து தமிழை மீட்க முடியாது, திரும்பத்தான் தட்ட வேண்டும். சேமிக்கும் பெட்டியின் அடியில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துவிட்டுச் சேமியுங்கள். 2019-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 நோட்பேடு தானாகவே அப்படிச் சேமிக்கும்.

கட்டம் கட்டமாக வந்தால் மட்டும்தான் எழுத்துருக் கோளாறு. இன்றைய கைப்பேசி, கணினி எல்லாவற்றிலும் தமிழ் எழுத்துரு இருப்பதால் அது அபூர்வம்.

இந்த வேலையோடு இரண்டு காரியம் செய்துவிடுங்கள். மெட்டா வியூபோர்ட் வரி ஒன்று உண்டு, அதைப் போடாவிட்டால் கைப்பேசி உங்கள் பக்கத்தைக் கணினித் திரை என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும், பினாங்கு அக்கா பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். அடுத்தது, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் வரி உயரம். ஆங்கிலத்துக்கு வைக்கும் உயரம் தமிழுக்கு நெருக்கடி. மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் ஒன்றோடொன்று இடிக்கும். 1.7 அளவுக்கு வைத்துப் பாருங்கள், கண்ணுக்கு மூச்சு விடும். நம் சொற்கள் நீளமானவை, சின்னத் திரையில் ஓரத்தைத் தாண்டி வெளியே ஓடும். ஓவர்ஃப்ளோ ராப் என்ற கட்டளைக்கு பிரேக் வேர்டு என்று கொடுத்தால் அடங்கிவிடும்.

லயத்துவீட்டுப்பெண் | திங்கள், இரவு 10.30

தமிழ் வந்துவிட்டது! கொம்பு, சுழி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

இப்போது படம். என் கணினியில் தெரிகிறது, கிட்ஹப்பில் ஏற்றியதும் உடைந்த படக் குறி வருகிறது. நான்கு முறை ஏற்றிப் பார்த்துவிட்டேன். டாட்டா தீர்ந்துபோய் இன்றைக்குத் தங்கை டாட்டாவில்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் பருவம் | திங்கள், இரவு 10.41

அக்கா, படக் கோப்பின் பெயரைப் பாருங்கள். பெயரின் கடைசியில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருக்கிறதா? பக்கத்தில் நீங்கள் அதைச் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். கிட்ஹப்புக்கு அது இரண்டு வேறு பெயர். எனக்கு இதே பிரச்சினையில் இரண்டு நாள் போனது.

லயத்துவீட்டுப்பெண் | திங்கள், இரவு 10.58

அதேதான் தம்பி. கேமரா எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் வைத்திருக்கிறது. மாற்றியதும் வந்துவிட்டது. ரொம்ப நன்றி.

கிந்தா நதி | செவ்வாய், காலை 7.35

படத்தைச் சுருக்கிவிட்டு ஏற்றினீர்களா? கைப்பேசிப் படம் ஒன்று 4 எம்பி இருக்கும். அகலத்தை 1200 புள்ளிக்குக் குறைத்தால் 200 கேபிக்குள் வந்துவிடும், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. டாட்டா தீர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

லயத்துவீட்டுப்பெண் | புதன், இரவு 9.20

இப்போது பெயர், படிப்பு, மின்னஞ்சல் எல்லாம் இருக்கிறது. "செய்த வேலைகள்" என்று தலைப்புப் போட்டுவிட்டு ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாடத்தில் கொடுத்த பணிகள்தான் இருக்கின்றன, அது வகுப்பில் எல்லாரும் செய்தது. தோழி ஒருத்தி ஈப்போவில் கணக்காய்வு நிறுவனத்தில் பகுதிநேரமாக வேலை பார்த்திருக்கிறாள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. வீட்டில் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பேன், கோயில் திருவிழாக் கணக்கை மூன்று வருடமாக எக்செலில் போட்டுத் தருகிறேன். இதையெல்லாம் எழுத முடியாதே. அந்தத் தலைப்பையே எடுத்துவிடலாமா?

பினாங்குப் பாலம் | புதன், இரவு 9.34

எடுக்காதீர்கள்! கோயில் கணக்கைப் பற்றி விவரமாகச் சொல்லுங்கள். முன்பு எப்படி எழுதினார்கள், நீங்கள் என்ன மாற்றினீர்கள்?

லயத்துவீட்டுப்பெண் | புதன், இரவு 10.15

தோட்டத்து மாரியம்மன் கோயில் அக்கா. தோட்டம் போன பிறகும் திருவிழாவுக்கு எல்லாரும் வருவார்கள். கோலாலம்பூர், ஜொகூர் என்று எங்கே இருந்தாலும் அந்த வாரம் வந்துவிடுவார்கள். நன்கொடை ரசீதுப் புத்தகம் ஐந்தாறு பேர் கையில் இருக்கும். தாத்தா ஒருவர் கோடு போட்ட நோட்டில் கூட்டி எழுதுவார்.

நான் முதல் வருடம் உட்கார்ந்தபோது நோட்டில் இருந்த தொகைக்கும் உண்டியல் பெட்டியில் இருந்த பணத்துக்கும் 137 வெள்ளி இடித்தது. பணம்தான் கூடுதலாக இருந்தது. யாரோ எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் எல்லா ரசீதுப் புத்தகத்தையும் வாங்கி ஒவ்வோர் எண்ணாகப் புரட்டினேன். ஒரு புத்தகத்தில் 318-க்கு அடுத்து 321 வந்தது. பார்த்தால் விளக்கு எண்ணெய் பட்டு நடுவில் இரண்டு அடித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஊதிப் பிரித்தேன். 100, 37. சரியாக 137.

அதற்குப் பிறகு எக்செலில் ரசீது எண்ணுக்கு என்று தனி நெடுவரிசை வைத்தேன். வரிசையில் ஓர் எண் விடுபட்டால் அந்தக் கட்டம் சிவப்பாகும். யார் கையில் எந்தப் புத்தகம் என்று ஒரு தாள். திருவிழா முடிந்த மறுநாளே கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறோம். முன்பு அதற்கு இரண்டு மாதம் ஆகும். அவ்வளவுதான்.

பினாங்குப் பாலம் | புதன், இரவு 10.29

அவ்வளவுதான் என்கிறீர்களே! ரசீது எண் விடுபடாமல் வருகிறதா என்று பார்ப்பது கணக்காய்வாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை. அதை யாரும் சொல்லாமல் நீங்களாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். இந்தக் கதை உங்கள் பக்கத்தில் இருந்தால் நான் ஒரு நிமிடத்தில் மூட மாட்டேன். பேட்டிக்குக் கூப்பிட்டு மீதியைக் கேட்பேன்.

இங்கே எழுதியதைப் போலவே அங்கேயும் எழுதுங்கள். பெரிய வார்த்தை எதுவும் சேர்க்க வேண்டாம். என்ன பிரச்சினை, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது. ஒட்டிக்கொண்ட அந்த இரண்டு தாளையும் விட்டுவிடாதீர்கள். நன்கொடையாளர் பெயரும் உண்மையான தொகைகளும் தெரியக் கூடாது. அதே அமைப்பில் பொய்யான எண்கள் போட்டு ஒரு மாதிரித் தாள் செய்து அதைப் படம் எடுத்துப் போடுங்கள். கோயில் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரப்பர் விதை | வியாழன், காலை 8.05

முதலில் வேறு மாதிரி சொன்னவன் நான்தான். இதைப் படித்த பிறகு ஒத்துக்கொள்கிறேன், வார்ப்பில் இருக்கும் "என் திறமைகள், 85 விழுக்காடு" என்ற பட்டைக்குள் இந்தக் கதை அடங்காது. என் பக்கத்திலும் அந்தப் பட்டைகளை இன்று எடுத்துவிட்டேன்.

ஆனால் மொழி விஷயத்தில் எனக்கு இன்னும் சந்தேகம். ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாரும் படிப்பார்கள். மலாய் தெரிந்தால் அரசு அலுவலகங்களுக்கும் ஆகும். தமிழ்ப் பக்கத்தை எந்த நிறுவனம் படிக்கும்?

வாத்தியார் ஐயா | வியாழன், காலை 10.40

தம்பி, நியாயமான கேள்வி. முதல் பக்கம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கட்டும், விண்ணப்பம் போகிற இடம் அது. ஆனால் இது விண்ணப்பத் தாள் மட்டும் இல்லையே, ஒரு பெண்ணின் சொந்த வீடு மாதிரி. வீட்டில் ஓர் அறையாவது நம் மொழியில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கணினியில் தமிழ் எளிதாக வந்துவிடவில்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியது 1985-இல். ஆப்பிள் கணினிகளில் வருகிற இணைமதி எழுத்துருவும் அவர் செய்ததுதான். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இலேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அந்தக் காலத்தில் ஒருவர் அனுப்பிய தமிழ் மின்னஞ்சலை இன்னொருவர் படிக்க அதே எழுத்துருவைத் தேடி நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. இன்றைக்கு இந்தப் பிள்ளை ஒரு வரி சேர்த்ததும் தமிழ் வந்துவிட்டது என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. இவ்வளவு தூரம் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறார்கள், நாம் எழுதினால்தானே அது நிற்கும்.

தமிழில் தோட்டத்தைப் பற்றி எழுதுங்கள் அம்மா. அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். உங்கள் லயத்தில் எத்தனை வீடு, குழாய் எங்கே இருந்தது, ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் என்ன பாட்டுப் பாடினார் என்பதை உங்கள் வீட்டார்தான் சொல்ல முடியும்.

கிந்தா நதி | வியாழன், பகல் 1.15

தொழில்நுட்பக் குறிப்பு ஒன்று. தமிழ்ப் பக்கத்தைத் தனிக் கோப்பாக வைத்து, தொடக்கக் குறியிலேயே மொழி தமிழ் என்று குறிப்பிடுங்கள். லேங் என்று எழுதி, அதற்கு டிஏ என்ற இரண்டு எழுத்து. பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் செயலிகள் அதை வைத்துத்தான் எந்த மொழியில் உச்சரிப்பது என்று முடிவு செய்யும். உலாவி தேவையில்லாமல் மொழிபெயர்க்கட்டுமா என்று கேட்பதும் குறையும்.

மூன்றாம் பருவம் | வியாழன், பகல் 2.00

டாட் காம் வாங்க வேண்டுமா அண்ணா? இல்லை டாட் எம்ஒய்?

கிந்தா நதி | வியாழன், பகல் 2.20

இப்போது வேண்டாம். கிட்ஹப் முகவரியே மரியாதையான முகவரிதான், பாதுகாப்பான இணைப்பில் திறக்கும். வேலை கிடைத்த பிறகு வேண்டுமானால் வாங்கிச் சேர்க்கலாம். முதல் வருடம் மலிவாகக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் விலையை ஏற்றுகிற இடங்கள் உண்டு, புதுப்பிக்கும் விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சிங்கப்பூருக்குத் தமிழ் எழுத்திலேயே "டாட் சிங்கப்பூர்" என்று ஒரு முகவரி முடிவு இருக்கிறது. அப்படி ஒன்று இங்கேயும் வந்தால் முதலில் வாங்குகிறவன் நான்தான்.

லயத்துவீட்டுப்பெண் | ஞாயிறு, மாலை 5.45

பக்கம் ஏறிவிட்டது. முகவரியைக் கேட்டவர்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். ஆங்கிலப் பக்கத்தில் கோயில் கணக்கு இருக்கிறது. தலைவரிடம் கேட்டேன், தாராளமாகப் போடு என்றார். மாதிரித் தாளையும் சேர்த்து மொத்தம் 180 கேபி. தாமான் முனையில் சிக்னல் ஒரு கோடு இருக்கும்போதும் திறக்கிறது.

தமிழ்ப் பக்கத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாட்டி முப்பத்தோரு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவர் பேச்சில் வருகிற தோட்டத்துச் சொல்லை எல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். மங்கு என்றால் பால் வடியும் கோப்பை. அதில் உறைந்து கிடப்பது கட்டிப்பால். வெட்டின கோட்டில் காய்ந்து நூலாக உரிந்து வருவது ஒட்டுப்பால். இரண்டு வாளியையும் தோளில் தூக்கும் கம்பு காண்டா. ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுத்த மர வரிசை நிரை. விடியுமுன் ஆள் கணக்கெடுப்பது பெரட்டு. சொல்லும்போது பாட்டி தன்னை அறியாமல் இடது கையால் மரத்தைப் பிடித்து வலது கையால் கத்தியை இழுக்கிற மாதிரி காற்றில் இழுத்துக் காட்டினார். கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டுவிட்டால் கிராணி (தோட்டத்து எழுத்தர்) திட்டுவாராம், காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளருமாம். பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பாட்டி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். "காண்டா" வந்த இடத்தில் நிறுத்தி, தோளைத் தடவிக்கொண்டார்.

மொத்தம் இருபத்திரண்டு சொல் ஏற்றியிருக்கிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

வாத்தியார் ஐயா | ஞாயிறு, இரவு 8.30

படித்தேன் அம்மா. இரண்டு முறை படித்தேன். தப்பு என்று எதுவும் இல்லை. ஆட்கள் கூடி நிற்கும் இடத்தை எங்கள் தோட்டத்தில் பெரட்டுக் களம் என்போம், அதையும் சேர்க்கலாம். எந்தத் தோட்டத்தில் எப்படிச் சொன்னார்கள் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தால் மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் சொல்லை அனுப்புவார்கள்.

லயத்துவீட்டுப்பெண் | ஞாயிறு, இரவு 9.05

பெரட்டுக் களம் சேர்த்துவிட்டேன் ஐயா. பாட்டி சாப்பிடும்போது இன்னும் ஆறு சொல் சொன்னார், நாளைக்கு வகுப்பு முடிந்து வந்து ஏற்றுகிறேன். பென்டிரைவிலும் ஒரு நகல் போட்டு வைத்திருக்கிறேன்.